குஞ்சுத் தொட்டியில் ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், ஆறு சின்னத் தொட்டிகள் இருக்கின்றன. பெரியது 60 லிட்டர், சிறியது 15. வளர்ப்பது கப்பி, ஃபைட்டர் மீன்களும் அவற்றின் குஞ்சுகளும்தான். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் யார் வீட்டு மீனுக்கு என்ன ஆனாலும் எனக்குத்தான் போன் வரும். பாதிப் போன்கள் ஒரே மாதிரித் தொடங்கும்: "அண்ணே, புது ஃபில்டர் போட்டேன், மூணு நாளா மீன் சரியில்ல." ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. உங்கள் தொட்டியில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பணப்பையைத் திறக்க வேண்டியது கடைசியில்.

## எதற்கும் முன்னால்: பழைய ஸ்பாஞ்ச் எங்கே?

போன் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

இன்னும் தொட்டியில் இருக்கிறது: நல்லது, எடுக்காதீர்கள். புதிதும் பழையதும் குறைந்தது நான்கு வாரம் சேர்ந்தே ஓடட்டும்.

வாளியில் தொட்டித் தண்ணீரோடு கிடக்கிறது, எடுத்துச் சில மணி நேரம்தான் ஆகிறது: உடனே திரும்பப் போடுங்கள். அழுக்கு கொஞ்சம் வெளியே வரும், பரவாயில்லை.

குழாயடியில் பிழிந்து கழுவி வெயிலில் காயப்போட்டாயிற்று, அல்லது குப்பைக்குப் போய்விட்டது: அதில் குடியிருந்த, மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவும் போயிற்று. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஸ்பாஞ்சைத் தர மனமில்லை என்றால் அதைப் பிழிந்த பழுப்புத் தண்ணீராவது ஒரு பையில் கிடைக்கும், அதைப் புது ஸ்பாஞ்ச் மேலேயே ஊற்றிவிடுங்கள். கொஞ்சம் அருவருப்பாக இருக்கும். கடையில் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

மீனுக்குச் சாப்பாட்டை அன்றே பாதியாக்குங்கள். குஞ்சுகளைப் பட்டினி போட முடியாது, அதனால் அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெரிய மீன் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது.

## அறிகுறி: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

ஃபைட்டர் மட்டும் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போனால் அது நோயில்லை, அந்த மீனின் வழக்கமே அப்படித்தான். கப்பிகள் கூட்டமாக மேலே தொங்கினால் தொடர்ந்து படியுங்கள். எப்போது தொடங்கியது என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

### மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள்

ஃபில்டரோடு சேர்த்துத் தண்ணீரையும் மாற்றினீர்களா? குழாய் நீரின் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் ஊற்றினீர்களா?

"ஒரு நாள் வாளியில பிடிச்சு வச்ச தண்ணிதான்" என்று பலர் சொல்வார்கள். ஊரில் தாத்தா காலத்துப் பழக்கம் அது. சிங்கப்பூரில் செல்லாது. இங்கே குழாய் நீரில் இருப்பது குளோராமின். வெறும் குளோரின் போல ஓரிரு நாளில் பறந்துவிடாது. மூடாத வாளியை இரண்டு மூன்று நாள் வைத்தால் கொசுப் புழுதான் வரும், அப்புறம் கதவைத் தட்டும் என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரிய) அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது: தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்கும் கணக்குப் போட்டு ஆன்டி குளோரினை இப்போதே ஊற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்) இருந்தால் முழு வேகத்தில் விடுங்கள். பெரும்பாலும் அரை மணியில் மீன் கீழே இறங்கும்.

ஆன்டி குளோரின் ஊற்றியிருந்தும் இப்படி என்றால், பழைய ஃபில்டர் தண்ணீர்ப் பரப்பை எவ்வளவு அசைத்தது, புதியது எவ்வளவு அசைக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் தண்ணீர் 28, 30 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைவு. பரப்பு அசையாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் ஃபில்டரை மேலே தூக்குங்கள், அல்லது காற்றைக் கூட்டுங்கள்.

### இரண்டாம் மூன்றாம் நாள்

அம்மோனியா. டெஸ்ட் கிட் இல்லாதவர்கள் இங்கே வாங்கித்தான் ஆக வேண்டும். பட்டையை முக்கிப் பார்க்கும் வகையைவிடச் சொட்டு விடும் வகை நல்லது.

ஆனால் முதலில் குழாய் நீரையே சோதியுங்கள். இதை யாருமே செய்வதில்லை. குளோராமினில் அம்மோனியா கலந்தே இருக்கிறது. ஆன்டி குளோரின் அதை உடைத்தபின் அந்த அம்மோனியா தண்ணீரில் நிற்கும், கிட் அதையும் காட்டும். பிடோக்கில் இருக்கும் என் மச்சான் ஒருமுறை தினம் பாதித் தண்ணீர் மாற்றியும் அம்மோனியா இறங்கவில்லை என்று புலம்பினார். மாற்ற மாற்ற அவரே அதை ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய் நீரில் தெரியும் அளவு உங்கள் தொடக்கக் கோடு. தொட்டியில் அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

- கோட்டுக்கு மேல் 0.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை: சாப்பாட்டைக் குறைத்து, நாளைக்கு மறுபடி பாருங்கள்.
- 0.5 முதல் 1 வரை: 30 சதவீதத் தண்ணீர் மாற்றம், அம்மோனியாவைக் கட்டும் வகை ஆன்டி குளோரினோடு. தினமும்.
- அதற்கு மேல்: பாதித் தண்ணீர் மாற்றுங்கள், பெரிய மீன்களை வேறு தொட்டிக்குக் கொண்டுபோங்கள், குஞ்சுகள் மட்டும் இருக்கட்டும். பழைய ஸ்பாஞ்ச் தேடும் வேலையை நாளைக்குத் தள்ளாதீர்கள்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சையும் கூடவே பாருங்கள். கிட்டில் ஒரே எண் வந்தாலும் பிஎச் 8இல் அதில் இருக்கும் விஷம் பிஎச் 7இல் இருப்பதைப்போல் ஒன்பது பத்து மடங்கு.

### இரண்டாம் வாரம்

அம்மோனியா இறங்கிவிட்டது, மீன் இன்னும் இரைக்கிறது என்றால், அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டைப் பாருங்கள். செவுள் சிவப்பாக இல்லாமல் காப்பிப் பொடி நிறத்துக்குப் போயிருந்தால் கிட் கூடத் தேவையில்லை. இதற்கு வீட்டு மருந்து உப்பு: லிட்டருக்கு 1 கிராம். 30 லிட்டர் தொட்டிக்கு 30 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, குவளையில் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டும் உப்பை ஈடுசெய்யுங்கள்.

### சோதனையில் எல்லாமே சரி, ஆனாலும் மீன் துள்ளுகிறது, சுற்றுகிறது, சாகிறது

ஃபில்டரை விடுங்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏர் பம்ப் அறையில் இருப்பதையெல்லாம் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். அன்று கீழே கொசு மருந்துப் புகை அடித்தார்களா? கரப்பான் ஸ்பிரே? கொசுவத்தி? வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி? பூச்சி மருந்துகளில் மீனைக் கொல்ல மிகச் சிறிய அளவு போதும், இறாலுக்கு அதைவிடக் குறைவு.

அப்படியென்றால்: பம்பை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து அறையைக் காலியாக்குங்கள், பாதித் தண்ணீர் மாற்றி, ஃபில்டருக்கான புதிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒரு பை போடுங்கள், காற்று சுத்தமானதும் பம்பை ஓட்டுங்கள். புகை அடிக்கப்போகும் அறிவிப்பை லிஃப்ட் பக்கத்தில் பார்த்தால் அந்த நேரத்துக்கு ஜன்னலை அடைத்து, தொட்டிமேல் ஈரத் துண்டு போட்டு, பம்பை நிறுத்தி வைத்தால் போதும்.

மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பும் அங்கேதான் ஒட்டுவார்கள். அந்த நாளில் தண்ணீர் மாற்றாதீர்கள். குழாய் நீர் பழுப்பாகவோ மணத்தோடோ வந்துகொண்டே இருந்தால் நகர மன்றத்துக்கோ தண்ணீர் வழங்கும் பியுபிக்கோ சொல்லுங்கள், அது உங்கள் தொட்டிப் பிரச்சினை மட்டும் இல்லை.

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி, பஞ்சு போன்ற படலம், செதில் தூக்கி நிற்பது, இவை இருந்தால் இந்தக் கட்டுரை உதவாது. விலை உயர்ந்த தாய் மீன் என்றால் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் முன்பதிவு செய்யுங்கள். போகும்போது தொட்டித் தண்ணீரும் ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

## அறிகுறி: குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைகின்றன, உடல் கூடக் கிடைக்கவில்லை

ஃபில்டர் வாய். தொட்டி விளிம்பில் தொங்கும் வகையையோ, தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா வகையான கேனிஸ்டரையோ புதிதாகப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, உள்ளே இருக்கும் பஞ்சை வெள்ளைத் தட்டில் பிழியுங்கள். உயிரோடு நீந்தும் குஞ்சுகள் கிடைத்ததும் உண்டு. என் கப்பி ஒன்பது, கேனிஸ்டருக்குள் நான்கு நாள் இருந்துவிட்டுக் கொழுகொழுவென்று வந்தன. வாயில் நுண்ணிய துளை ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். இன்று இரவுக்கே வேண்டுமென்றால் பழைய ஸ்டாக்கிங் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் போடுங்கள், ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை அடைக்கும்.

நீரோட்டம். ஃபைட்டர் குஞ்சு முதல் இரண்டு வாரம் கண்ணிமை முடி அளவுதான். குமிழி எழுப்பும் ஓட்டத்தில் சுழன்று சுழன்றே களைத்துவிடும். ஏர் டியூபில் சின்ன வால்வ் போட்டு, குமிழிகளை எண்ண முடிகிற வேகத்துக்குக் குறையுங்கள். ஆண் மீன் கூடு கட்டிக் காவல் இருக்கும் நாட்களில் நான் ஃபில்டரையே ஓட்டுவதில்லை. பரப்பு அசைந்தால் நுரைக்கூடு உடையும், முட்டை கீழே விழும். குஞ்சுகள் தாமாகக் கிடையாக நீந்தத் தொடங்கியதும் தகப்பனை எடுத்துவிட்டு, அப்போது ஸ்பாஞ்சை இறக்குகிறேன், ஏற்கெனவே வேறு தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சை.

தாய். கப்பி குட்டி போட்ட தொட்டியிலேயே இருந்தால் அதுவே குட்டிகளைத் தின்றுவிடும், ஃபில்டர்மேல் பழி போடாதீர்கள்.

புது ஸ்பாஞ்சோடு வந்த விருந்தாளி. நண்பரிடம் வாங்கிய ஸ்பாஞ்சில், குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் ஹைட்ரா என்ற சின்ன உயிரி ஒட்டி வரலாம். இரவு விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். நூல் போன்ற கைகளோடு ஆடும் வெள்ளைத் துணுக்குகள்தான் அவை. உப்பு இறால் குஞ்சைத் தீனியாகப் போட்டு மீன் குஞ்சு வளர்க்கும் தொட்டியில் அவை காடாகப் பெருகும். குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போடுங்கள். நல்ல பாக்டீரியாவும் போகும், வேறு வழி எனக்குப் பலிக்கவில்லை.

## அறிகுறி: குமிழி குறைந்துவிட்டது, அல்லது வரவே இல்லை

புது பம்ப் வாங்கக் கிளம்பும் முன் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவாருங்கள். ஏர் டியூபை ஃபில்டரிலிருந்து கழற்றிக் குவளைக்குள் விடுங்கள்.

### குவளையில் நன்றாகக் குமிழி வருகிறது

பம்ப் நலம். ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறது, அல்லது ஃபில்டரின் உள் குழாயில் உப்புப் படிந்திருக்கிறது. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீர் எடுத்த வாளியில் இரண்டு முறை மெதுவாகப் பிழியுங்கள், வெள்ளையாகும்வரை அல்ல. உள் குழாயை ஊசியால் குத்தி விடுங்கள். அவித்த முட்டை மஞ்சள் கரு போட்டுக் குஞ்சு வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

### குவளையிலும் வரவில்லை

1. டியூப் தொட்டி மூடியின் கீழ் நசுங்கியிருக்கிறதா?
2. செக் வால்வ் (தொட்டித் தண்ணீர் டியூப் வழியே பம்புக்குத் திரும்பாமல் தடுப்பது) திருப்பிப் போட்டிருக்கிறதா? ஃபில்டர் மாற்றிய அன்றே வந்த பிரச்சினை என்றால் பத்துக்கு ஐந்து இதுதான். வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகும் பக்கம் தொட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் போகவில்லை என்றால் அடைப்பு. ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பொருள், மாற்றிவிடுங்கள்.
3. பம்பின் அடியில் இருக்கும் சின்னப் பஞ்சு வில்லை தூசியில் கறுத்திருக்கிறதா? கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.
4. பம்ப் உறுமுகிறது, காற்று மட்டும் இல்லை: உள்ளே டயஃப்ரம் ரப்பர் கிழிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடி ஸ்குரூவைக் கழற்றிப் பாருங்கள். அதே மாடலுக்கு ரப்பர் கிடைத்தால் மலிவு. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கும் மீன் கடைகளில் பழைய பம்பையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.
5. அதுவும் இல்லையென்றால் புது பம்ப்.

### இரவில் மட்டும் நின்றுவிடுகிறது

வீட்டில் யாராவது ஸ்விட்சை அணைக்கிறார்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் இரண்டு மாதம் நடந்தது. மின்சாரம் வீணாகிறதென்று அம்மாவுக்குக் கவலை. 3 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஒரு வெள்ளிகூட ஆகாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார். ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே திரும்ப ஓட்டாதீர்கள். திறந்து முகருங்கள், அழுகிய முட்டை வாடை வந்தால் உள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசியபின் ஓட்டுங்கள்.

## அறிகுறி: தண்ணீர் நிறம் மாறிவிட்டது

அன்றே சாம்பல் கலங்கல்: ஃபில்டருக்குள் நிரப்பும் புது மீடியாவைக் கழுவாமல் போட்டிருப்பீர்கள். தானாகப் படியும்.

இரண்டு மூன்று நாளில் பால் வெள்ளை: புது ஃபில்டரில் சகஜம். அம்மோனியாவை மட்டும் கண்காணித்துக்கொண்டு பொறுத்திருங்கள், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தெளியும். தெளிவாக்கும் திரவம் என்று கடையில் தருவதைக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பச்சை: வெளிச்சம், ஃபில்டர் இல்லை. ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தேநீர் நிறம்: கெத்தப்பாங் (நாட்டு வாதுமை) இலையோ மரக்கட்டையோ போட்டிருந்தால் அதுதான். ஃபைட்டருக்குப் பிடிக்கும். விடுங்கள்.

நீலம்: முட்டைக்குப் பூஞ்சை வராமல் மெத்திலீன் புளூ ஊற்றியிருக்கிறீர்கள். அந்த மருந்து ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அடிக்கும். அடுத்த முறை மருந்து போடும் தொட்டிக்கு ஏர் ஸ்டோன் மட்டும் போதும்.

## அறிகுறி: மாதம் ஒன்றரை ஆகியும் அம்மோனியா இறங்கவில்லை

இதுதான் ஆட்களை விரக்தியாக்கி மூன்றாவது ஃபில்டர் வாங்க வைப்பது. வாங்காதீர்கள். பிஎச் பாருங்கள்.

நம் குழாய் நீர் கடினம் குறைந்தது. அதில் கெத்தப்பாங் இலை, அடர்த்தியாகக் குஞ்சுகள், குறைவாகத் தண்ணீர் மாற்றம் எல்லாம் சேர்ந்தால் பிஎச் மெல்ல 6க்குக் கீழே போய்விடும். அங்கே ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியா சோம்பிப் படுத்துவிடும். எத்தனை ஃபில்டர் மாட்டினாலும் படுத்துத்தான் இருக்கும்.

சரி, பிஎச்சை ஏற்ற வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். பிஎச் குறைவாக இருக்கும்வரை அம்மோனியா பெரிதாகக் கடிக்காது. அதே தண்ணீரில் பிஎச் சட்டென்று 8க்குப் போனால் ஒரே இரவில் தொட்டி காலியாகும். ஒரு முறை சமையல் சோடாவை ஒரு கரண்டி போட்டு நானே அப்படிச் செய்திருக்கிறேன், நாற்பது குஞ்சு. ஆகவே:

1. முதல் நான்கைந்து நாள், தினம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றம். இலையை எடுத்துவிடுங்கள்.
2. அம்மோனியா தொடக்கக் கோட்டுக்குப் பக்கம் வந்த பிறகு, ஒரு கைப்பிடி நொறுக்கிய பவளத்தை வலைப்பையில் கட்டி ஃபில்டர் ஓட்டம் படும் இடத்தில் வையுங்கள். அது மெல்லத்தான் கரையும், அதுதான் நமக்கு வேண்டும்.
3. இரண்டு வாரத்தில் பிஎச் 7 பக்கம் நின்று, அம்மோனியா தொடக்கக் கோட்டிலேயே நிற்க வேண்டும்.

அப்படி நிற்கவில்லை என்றால் கிட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு தண்ணீர்ச் சாம்பிளை மீன் கடைக்குக் கொண்டுபோய் அவர்கள் கிட்டில் சோதிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: சத்தம்

ஏர் பம்ப் உறுமினால் அடியில் நான்காக மடித்த துணி. சுவரையோ அலமாரியையோ தொட்டுக்கொண்டிருந்தால் நகர்த்துங்கள். தொங்கும் ஃபில்டர் கடகடத்தால் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறது, அல்லது இம்பெல்லரில் (மோட்டாரில் சுழலும் சின்ன விசிறி) மணலோ நத்தையோ சிக்கியிருக்கிறது. கழற்றி, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் போடுங்கள். மெல்லிய தண்டு உடைந்திருந்தால் இம்பெல்லர் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

## அறிகுறி: தரையில் தண்ணீர், அல்லது மின்சாரம் ட்ரிப் ஆகிறது

தண்ணீரைத் தொடும் முன் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். கை உலர்ந்திருக்கட்டும்.

ஏர் டியூப் வழியாகச் சொட்டுகிறது: பம்ப் தொட்டிக்குக் கீழே இருக்கிறது, செக் வால்வ் இல்லை அல்லது செத்துவிட்டது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கேனிஸ்டர் மூடியில் கசிவு: ரப்பர் வளையத்தில் மணல் துகளோ முடியோ இருக்கும். துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடுங்கள். வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

தொட்டி மூலையில் ஈரம்: மீனை வாளிக்கு மாற்றி, தண்ணீரைப் பாதியாக்குங்கள். சின்னத் தொட்டியென்றால் புதிது வாங்குவதே மலிவு. பெரியதை மீண்டும் ஒட்டும் வேலையைத் தொட்டி செய்யும் கடைக்காரரிடம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் கறை வந்தால் அந்தப் பேச்சு தனி.

மெயின் ட்ரிப்: புது ஃபில்டரின் பிளக்கை எடுத்துவிட்டு மெயினைத் தூக்குங்கள். மறுபடி ட்ரிப் ஆகாமல் இருந்தால் காரணம் ஃபில்டர் மோட்டார்தான், அதைப் பிரித்துப் பார்க்காமல் ரசீதோடு கடைக்கு. எல்லா மீன் சாமான்களையும் பிடுங்கிய பிறகும் ட்ரிப் ஆனால், அல்லது தொட்டிக்குள் கை விடும்போது சுரீர் என்று இழுத்தால், அங்கேயே நிறுத்துங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த யாரோ ஒருவரை வேண்டாம். அவர் வரும்வரை மீனுக்கு ஸ்டோர்ரூமில் கிடக்கும் பேட்டரி ஏர் பம்ப் போதும். அது இல்லையென்றால் அரை மணிக்கு ஒருமுறை ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.